நாடிழந்த அரசன் அளித்த பதக்கங்கள்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்னும் சிறிது நேரத்தில் இம்மேடையில் நம் குழந்தைகளுக்குப் பரிசளிப்பு நடைபெற இருக்கிறது. திருக்குறள் ஒப்புவித்தவர்களுக்கும், கோலப் போட்டியிலும் ஓட்டப் பந்தயத்திலும் வென்றவர்களுக்கும் உரிய பதக்கங்கள் மேசைமீது வரிசையாக வைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தேன். குழந்தைகளின் கண்கள் அவற்றை விட்டு அகலாமல் இருப்பதையும் பார்த்தேன். பரிசளிப்புக்கு முன் ஏதேனும் பேசவேண்டும் என்று செயலாளர் கட்டளையிட்டபோது, பதக்கத்தைப் பற்றியே பேசிவிடலாம் என்று துணிந்தேன். ஆயின் நான் எடுத்துக்கொண்டவை நம் நாட்டுப் பதக்கங்கள் அல்ல. முதல் உலகப் போரில் செர்பியா என்னும் சிறு நாடு தன் நேச நாடுகளின் வீரர்களுக்கு அளித்த வீரப் பதக்கங்கள் அவை.

ஐரோப்பாவின் ஒரு மூலையில் உள்ள செர்பியாவுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். தொடர்பு உண்டு. உரிய இடத்தில் அதைச் சொல்கிறேன். நம் காலனியில் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். பதக்கத்தின் அருமை என்னைவிட அவர்களுக்கு நன்கு தெரியும். நான் சொல்வதில் பிழை இருந்தால் அவர்கள் பொறுத்தருள வேண்டும். பொறுக்க முடியாவிட்டால் விழா முடிந்ததும் சிற்றுண்டி வேளையில் திருத்தலாம்.

முதலில் செர்பியா பட்ட பாட்டைச் சுருங்கச் சொல்லியாக வேண்டும். அது தெரியாமல் அந்தப் பதக்கங்களின் மதிப்பு விளங்காது. 1914 ஜூலை 28ஆம் நாள் ஆஸ்திரியா-ஹங்கேரி என்னும் பேரரசு செர்பியாவின்மீது போர் தொடுத்தது. உலகப் போர் தொடங்கியதே அந்நாளில்தான். அவ்வாண்டிலேயே ஆஸ்திரியப் படை மீண்டும் மீண்டும் செர்பியாவுக்குள் நுழைந்தது. மீண்டும் மீண்டும் விரட்டப்பட்டது. டிசம்பர் நடுவில் தலைநகர் பெல்கிரேடும் செர்பியர் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் பகைவனை வென்ற நாட்டை நோய் விடவில்லை. டைபஸ் என்னும் கொடிய காய்ச்சல், சீலைப்பேன் வழியாகப் பரவுவது, அந்தக் குளிர்காலத்தில் படைவீரர்களையும் போர்க் கைதிகளையும் ஊர் மக்களையும் வாரிக்கொண்டு போயிற்று. இருந்த மருத்துவர்களே சில நூறு பேர்தாம்; அவர்களுள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நோயாளிகளைப் பார்த்து அந்நோயாலேயே மாண்டார்கள்.

1915 அக்டோபரில் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் வடக்கிலிருந்தும், பல்கேரியா கிழக்கிலிருந்தும் ஒருங்கே தாக்கின. இம்முறை செர்பியாவால் தாங்க முடியவில்லை. சரணடைவதற்குப் பதிலாக அந்நாட்டுப் படை ஒரு முடிவு செய்தது. அல்பேனிய மலைகளின் பனியைக் கடந்து, அட்ரியாட்டிக் கடற்கரைக்கு நடந்தே போய்விடுவது என்பதே அம்முடிவு. படையோடு அரசாங்கமும் நடந்தது. ஊர் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்தார்கள். 71 வயதான பீட்டர் மன்னர் மாட்டு வண்டியிலும், வண்டி செல்லாத இடங்களில் பிறர் உதவியோடும் சென்றார். வழியில் பசியாலும் குளிராலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. எஞ்சிய ஏறத்தாழ ஒன்றரை லட்சம் வீரர்களை நேச நாட்டுக் கப்பல்கள் கோர்ஃபு என்னும் கிரேக்கத் தீவுக்குக் கொண்டு சேர்த்தன. அங்கு வந்த பிறகும் மரணம் நிற்கவில்லை. அருகிலிருந்த வீடோ என்னும் சிறு தீவில் இறந்தவர்களைப் புதைக்க இடம் போதாமல், ஆயிரக்கணக்கான உடல்களைக் கடலிலேயே இறக்கினார்கள். அந்தக் கடற்பரப்பைச் செர்பியர் இன்றும் நீலக் கல்லறை என்றே வழங்குகிறார்கள்.

ஆக, 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில் செர்பியாவுக்கு மன்னர் இருந்தார், பட்டத்து இளவரசர் இருந்தார், அமைச்சர்கள் இருந்தார்கள், படையும் இருந்தது. கால் ஊன்ற ஒரு முழ நிலம் மட்டும் இல்லை. அந்தச் செர்பியாதான் பதக்கம் கொடுத்தது.

அவை என்னென்ன பதக்கங்கள் என்று பார்ப்போம். சிறப்பு வாய்ந்தது கராஜோர்ஜ் விண்மீன். கராஜோர்ஜ் என்றால் கறுப்பு ஜார்ஜ் என்று பொருள். பன்றி வியாபாரம் செய்துவந்த ஒரு குடியானவர் அவர். 1804இல் துருக்கிய ஆட்சியை எதிர்த்துச் செர்பியர் கிளர்ந்தெழுந்தபோது அவர்களுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய பேரர்தாம் மேலே சொன்ன பீட்டர் மன்னர். கிளர்ச்சியின் நூற்றாண்டை ஒட்டி 1904இல் அவர் இச்சிறப்பை ஏற்படுத்தினார். போர்க்களத்தில் ஈட்டிய விண்மீனுக்குக் குறுக்கு வாள்கள் உண்டு. அதிகாரிகளுக்கு ஒரு வகை. சாதாரணச் சிப்பாய்களுக்கும் ஹவில்தார் போன்றோருக்கும் பொன்னிலும் வெள்ளியிலும் தனி வகை. இரண்டாவது, வீரப் பதக்கம். பால்கன் போர்களின் காலத்தில், 1912, 1913ஆம் ஆண்டுகளில் அது உருப்பெற்றது. அதிலும் பொன், வெள்ளி என இரு தரம். அதன் முகப்பில் மிலோஷ் ஒபிலிச் என்னும் வீரனின் உருவம் இருக்கும். 1389இல் கொசோவோ போர்க்களத்தில் துருக்கிய சுல்தான் முராதை அவனுடைய பாசறையிலேயே குத்திக் கொன்றவன் என்று செர்பிய நாட்டுப் பாடல்கள் போற்றுகிற வீரன் அவன். அந்தப் போரில் செர்பியர் தோற்றவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். தோற்ற போரின் வீரனை வீரப் பதக்கத்தில் பொறித்துக்கொண்ட நாடு அது.

பொன் பதக்கம் என்று பெயரே ஒழிய, உள்ளே மலிவான உலோகம், மேலே முலாம்தான். நம் வீட்டுப் பெண்கள் எடுத்துப் பார்த்தால் கடைக்காரனிடம் சண்டைக்கே போய்விடுவார்கள்! இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. செர்பியா தன் பழைய விருதுகள் பலவற்றை வியன்னா நகரத்துப் பொற்கொல்லர்களிடம் செய்து வாங்குவது வழக்கமாக இருந்தது. வியன்னாவோ ஆஸ்திரியாவின் தலைநகர். போர் மூண்டதும் பகைவனின் ஊரில் பதக்கம் வாங்க முடியாதல்லவா? பாரிஸ் நகரத்துப் பட்டறைகளும் சுவிட்சர்லாந்துப் பட்டறைகளும் அவ்வேலையை ஏற்றுக்கொண்டன. ஆகவே, அயல்நாட்டில் அடைக்கலம் புகுந்த ஓர் அரசு, வேறோர் அயல்நாட்டில் செய்த பதக்கத்தை, மூன்றாவது நாட்டு வீரனின் மார்பில் குத்தியது.

தொல்காப்பியர் மாராயம் என்ற சொல்லை ஆள்கிறார். வீரனுக்கு அரசன் செய்யும் சிறப்பு அது. ஏனாதி முதலிய பட்டங்களை அரசர்கள் கொடுத்ததை நம் இலக்கியத்தில் படித்திருக்கிறோம். அங்கெல்லாம் கொடுப்பவன் நாடுடையவன். பெறுபவன் அவனுடைய குடி. கொடுப்பவனுக்கு நாடில்லை, பெறுபவன் அவனுடைய குடியுமில்லை என்ற நிலையை எந்தத் துறையில் சேர்ப்பது என்று இலக்கணம் கற்ற அன்பர்கள்தாம் எனக்குச் சொல்லவேண்டும்.

இந்தக் கொடையின் தன்மையை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். 1916ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள். பிரான்சின் வெர்டுன் நகரம் பிப்ரவரி முதல் ஜெர்மானியப் பீரங்கிகளின் அடியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அந்நகரத்துக் கோட்டையில் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் புவாங்கரே, தனி மனிதருக்கன்று, அந்நகரத்துக்கே விருதுகளைச் சூட்டினார். ரஷ்யா, பிரிட்டன், இத்தாலி, பெல்ஜியம் ஆகிய நாடுகள் அனுப்பிய சிறப்புகளோடு செர்பியாவின் பொன் வீரப் பதக்கமும் அங்கே இருந்தது. அன்றைக்குச் செர்பியாவின் கையில் தன் சொந்த மண் ஒரு பிடிகூட இல்லை. கைமாக்சலான் என்னும் எல்லைச் சிகரத்தை அதன் வீரர்கள் உறுதியாக மீட்டது அம்மாதக் கடைசியில்தான். அடிபட்டுக்கொண்டிருந்த நகரத்துக்கு, அடிபட்டு வெளியேறிய நாடு பதக்கம் அனுப்பியது. வெர்டுனுக்கு வந்த விருதுகளில் எது உயர்ந்தது என்று பிரெஞ்சுக்காரர்கள் எப்படி எண்ணினார்களோ! என்னைக் கேட்டால் நான் தயங்காமல் செர்பியப் பதக்கத்தையே சொல்வேன்.

இனி, தனி வீரர்களுக்கு வந்த பதக்கங்கள். இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நேச நாடுகள் தங்களுக்குள் பதக்கங்களைப் பரிமாறிக்கொள்வது அப்போரில் ஒரு முறையாகவே இருந்தது. ஒரு நாடு இத்தனை எண்ணிக்கை என்று பதக்கங்களை மொத்தமாக மற்றொரு நாட்டுக்கு ஒதுக்கும். அவை தலைமையகத்திலிருந்து படைப் பிரிவுகளுக்குப் பகிர்ந்து அனுப்பப்படும். பிரிவுத் தலைவர் தம்மிடம் உள்ள தகுதியானவர்களுள் இன்னாருக்கு இது என்று எழுதி அனுப்புவார். இலண்டன் அரசிதழில் பெயர்கள் வெளிவரும். வெளிநாட்டு விருதை அணிந்துகொள்ள மன்னர் ஜார்ஜ் இசைவு அளித்தார் என்ற குறிப்பும் உடன் வரும். 1917 பிப்ரவரியில் வெளிவந்த செர்பிய விருதுப் பட்டியல் அத்தகையது. பட்டாளத்தின் பெயர், எண், பதவி, வீரனின் பெயர் என்று பத்தி பத்தியாக நீளும் அது. இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன செயலுக்காக என்று ஒரு வரியும் அதில் இராது.

அப்பட்டியலில் உள்ளவர்களுள் மிகப் பலர் செர்பியாவைக் கண்ணாலும் கண்டதில்லை. அவர்கள் பிரான்சின் சேற்றுப் பதுங்குகுழிகளில் இருந்தவர்கள், கலிப்பொலியில் போரிட்டவர்கள், மெசபொடேமியாவின் வெயிலில் வாடியவர்கள். அவர்களோடு இந்தியப் படையைச் சேர்ந்த சிப்பாய்களும் ஜமேதார்களும் அப்பட்டியல்களில் இடம்பெற்றிருக்கிறார்கள். தொடர்பைப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? அதில் ஒன்று இதுதான். கராஜோர்ஜ் யார், ஒபிலிச் யார் என்று அறிய வாய்ப்பே இல்லாத நம் நாட்டுக் கிராமத்து இளைஞர்கள் அவர்களுடைய பெயரையும் உருவத்தையும் மார்பில் தாங்கி ஊர் திரும்பினார்கள்.

ஊர் திரும்பிய பின் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் பெயர் பொறிப்பதில்லை. எழுத்தோ சிரிலிக் எழுத்து. தபால் ஆபீசில் உள்ளவருக்கும் படிக்கத் தெரியாது. பதக்கம் பெற்றவர் இருக்கும் வரை, "இது எனக்கு இப்படி வந்தது" என்று சொல்லியிருப்பார். அல்லது, போரைப் பற்றிப் பேச விரும்பாத பலரைப்போல் அதையும் சொல்லாமல் விட்டிருப்பார். அவர் காலமான பின் பெட்டியில் கிடக்கும் பதக்கத்தைப் பேரன் எடுத்துப் பார்க்கிறான். தாத்தா என்ன செய்தார், ஏன் இந்த முன்பின் தெரியாத நாடு இதைக் கொடுத்தது என்று கேட்கிறான். விடை சொல்ல வீட்டில் எவரும் இல்லை. அரசிதழிலும் இல்லை.

மொத்தமாக ஒதுக்கிப் பங்கிட்ட பதக்கத்துக்கு மதிப்பு உண்டா என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றிற்று. பந்தியில் மிஞ்சிய லட்டை இலைக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே போவதுபோல் இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்பை மாற்றிக்கொண்டேன். பங்கிட்டவர்கள் தகுதி பார்த்தே பங்கிட்டார்கள். காயம்பட்டவரைத் தோளில் தூக்கி வந்தவன், அறுந்த தொலைபேசிக் கம்பியைக் குண்டு மழையில் போய் முடிந்தவன் என்று, தன் நாட்டுப் பதக்கம் கிடைக்கவேண்டியும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டால் கிடைக்காமற்போனவர்களுக்கு இந்த அயல்நாட்டுப் பதக்கங்கள் பல சமயம் ஈடாக அமைந்தன. செயல் மெய்யானது, அதை எழுதி வைக்காததே குறை. அக்குறை எழுத்தருடையதே அன்றி வீரருடையது அன்று.

பட்டியல் வழியாக அன்றி, நேரே கண்டு, அறிந்து, செர்பியா கொடுத்த சிறப்புகளும் உண்டு. அவற்றை நினைக்கும்போது ஒன்று என் நெஞ்சைத் தொடுகிறது. பெரிய நாடுகள் வேண்டாம் என்று தள்ளிய வீரத்தை அந்தச் சிறிய நாடு ஏற்றுக்கொண்டது. தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

ஃப்ளோரா சாண்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1876இல் யார்க்‌ஷயரில் பிறந்தவர். ஒரு பாதிரியாரின் மகள். குதிரையேற்றமும் மோட்டார் ஓட்டுவதும் அவருக்குப் பிடித்தவை. போர் தொடங்கிய சில நாட்களில், 38ஆம் வயதில், ஒரு சிறிய தாதியர் குழுவோடு செர்பியாவுக்குப் புறப்பட்டார். வால்யேவோ என்ற ஊரில் டைபஸ் நோயாளிகளுக்குப் பணிபுரிந்தார், அந்நோய் அவரையும் பற்றியது, தப்பிப் பிழைத்தார். 1915இல் படை பின்வாங்கத் தொடங்கியபோது அவர் இரண்டாம் காலாட்படைப் பிரிவின் மருத்துவக் குழுவோடு சேர்ந்தார். மலை ஏற ஏற மருத்துவ வண்டிகள் நின்றுவிட்டன. தாதிக்கு வேலையில்லை என்றால் சிப்பாயாகிறேன் என்றார். பிரிவின் தளபதி மறுக்கவில்லை. தம் தோளில் இருந்த '2' என்ற பித்தளை எண்ணைக் கழற்றி அவருடைய தோளில் குத்திவிட்டார். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஒரு பெண் துப்பாக்கி ஏந்துவதைக் கனவிலும் கருத முடியாத காலம் அது.

அவர் அல்பேனிய மலைகளை அந்தப் படையோடு நடந்தே கடந்தார். பிறகு படை சலோனிகா முனைக்கு வந்தது. சலோனிகா என்பது இன்று கிரேக்க நாட்டில் உள்ள தெசலோனிகி நகரம். 1916 நவம்பரில் மொனாஸ்டிர் நகரை மீட்பதற்காக நடந்த சண்டையில், 1212 என்ற எண் இட்ட குன்றின்மேல் பனியில் முன்னேறியபோது, பகைவர் எறிந்த கைக்குண்டு அவர்மேல் வெடித்தது. வலக்கை முறிந்தது; உடலின் வலப்பக்கம் எங்கும் காயம். உடனிருந்த வீரர்கள் அவரைப் பனியில் இழுத்துக் காப்பாற்றினார்கள். அடுத்த சில நாட்களில் மொனாஸ்டிர் வீழ்ந்தது. செர்பியருக்குத் திரும்பக் கிடைத்த முதல் நகரம் அது. சலோனிகா ஆஸ்பத்திரியில் அசைய முடியாமல் கிடந்த ஃப்ளோராவைத் தேடி இளவரசர் அலெக்சாண்டரின் மெய்க்காவல் அதிகாரி வந்தார். வாள்கள் பொறித்த கராஜோர்ஜ் விண்மீனைப் படுக்கையிலேயே அவருக்கு அணிவித்தார். பதவியும் சார்ஜண்ட்-மேஜராக உயர்ந்தது. அந்தப் பதக்கத்தை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று எவரும் கேட்கத் தேவையில்லை. காரணம் கட்டுப் போட்டுப் படுக்கையில் கிடந்தது.

காயம் முழுதும் ஆறுமுன்னரே அவர் தம் பிரிவுக்குத் திரும்பிப் போனார். 1919இல் அவரை அதிகாரியாக்குவதற்கென்றே செர்பியர் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. காப்டனாக ஓய்வு பெற்று, நெடுங்காலம் பெல்கிரேடில் வாழ்ந்து, 1956இல் இங்கிலாந்தில் காலமானார்.

ஆலிவ் கிங் என்பவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்தினர். சொந்தமாக ஒரு பெரிய ஆம்புலன்ஸ் வண்டியை வாங்கி, அதை ஓட்டிக்கொண்டு போருக்கு வந்தவர். 1917 ஆகஸ்டில் சலோனிகா நகரில் பெருந்தீ பரவியது. நகரத்தின் பெரும்பகுதி சாம்பலாகி, எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தார்கள். எரிகிற தெருக்களுக்குள் மணிக்கணக்காக ஓய்வின்றி வண்டியைச் செலுத்தி மக்களையும் ஆவணங்களையும் வெளியே கொண்டுவந்த ஆலிவுக்குச் செர்பியா வெள்ளி வீரப் பதக்கம் அளித்தது. அந்தச் சலோனிகா முனையில் இந்தியக் கோவேறுகழுதைப் படையினரும் பணி செய்தார்கள் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். வண்டி போகாத மலைப் பாதையில் உணவும் வெடிமருந்தும் போனது அவர்களைப் போன்றவர்களின் முதுகுவலியால்தான். மொனாஸ்டிர் சாலையில் அங்கே இந்திய வீரர்களுக்கென்று ஒரு கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது.

மூன்றாமவர் எல்சி இங்கிலிஸ். இவர் நம் நாட்டில், நைனிதாலில், 1864இல் பிறந்தவர். தந்தையார் இந்தியாவில் சிவில் அதிகாரி. எல்சி ஸ்காட்லாந்தில் மருத்துவம் கற்று அறுவை மருத்துவரானார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று பாடுபட்டவர்களுள் ஒருவர். போர் வந்ததும், முழுவதும் பெண்களே நடத்தும் மருத்துவமனைகளை அமைத்துத் தருகிறேன் என்று பிரிட்டிஷ் போர் இலாகாவை அணுகினார். வீட்டுக்குப் போய்ச் சும்மா உட்காரும்படி அறிவுரை கூறி அனுப்பினார்கள்! அவர் சும்மா உட்காரவில்லை. பிரான்சுக்கும் செர்பியாவுக்கும் எழுதினார். அவை உடனே ஏற்றுக்கொண்டன. செர்பியாவில் டைபஸோடும் காயங்களோடும் அவருடைய குழுவினர் போராடினார்கள். நாடு வீழ்ந்தபோது நோயாளிகளை விட்டு வர மறுத்து, பகைவரிடம் கைதியானார். விடுதலையாகி வந்ததும், 1916 ஏப்ரலில், இலண்டனில் இளவரசர் அலெக்சாண்டர் அவருக்கு வெண்கழுகு விருதை அளித்தார். அவ்விருதைப் பெற்ற முதல் பெண் அவரே. வெண்கழுகு வீரப் பதக்க வரிசையைச் சேர்ந்ததன்று என்று நுணுகிப் பார்ப்பவர்கள் சொல்லலாம். சொல்லட்டும்.

அதன்பின் அவர் ருஷ்யாவுக்குப் போனார். அங்கே போரிட்ட செர்பியத் தன்னார்வப் படைக்கு மருத்துவமனை நடத்தினார். அதற்குள் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. செர்பிய வீரர்களைப் பத்திரமாக வெளியேற்றும்வரை தாமும் நகர்வதில்லை என்று பிடிவாதம் பிடித்தார். 1917 நவம்பரில் அவர்களோடு கப்பலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். நிற்கவே வலுவில்லாத நிலையில், நைந்துபோன சீருடையில், மழையிலும் பனியிலும் நிறம் மங்கிய விருது நாடாக்களோடு நின்று, செர்பிய அதிகாரிகள் ஒவ்வொருவருக்கும் விடை கொடுத்தார். நவம்பர் 26ஆம் நாள் நியூகாசிலில் உயிர் நீத்தார்.

பதக்கம் எதிர்த்திசையிலும் போயிற்று என்பதையும் சொல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். மிலுங்கா சாவிச் என்ற செர்பியக் குடியானவப் பெண் ஆண் வேடம் பூண்டு படையில் சேர்ந்தவர், பலமுறை காயம்பட்டவர். கராஜோர்ஜ் விண்மீனை இருமுறை பெற்றார். பிரான்ஸ் தன் லீஜியன் ஆஃப் ஆனர் விருதை அவருக்குக் கொடுத்தது. போர் முடிந்து பல ஆண்டுகள் அவர் பெல்கிரேடில் ஒரு வங்கியில் தரை துடைக்கும் வேலை பார்த்தார். உலகில் மிகுதியாக வீர விருது பெற்ற பெண்களுள் ஒருவர் என்று அவரைச் சொல்கிறார்கள். அந்தத் தரையின்மேல் நடந்தவர்களுள் எத்தனை பேருக்கு அது தெரிந்திருந்ததோ! 1973இல் மறைந்தார். 2013இல்தான் அவருடைய எலும்புகளை அரசு மரியாதையோடு பெரியோர் வரிசையில் அடக்கம் செய்தார்கள்.

பதக்கம் கொடுத்த அரசும் நிலைத்து நிற்கவில்லை. 1918 செப்டம்பரில் சலோனிகா முனை உடைந்தது; நவம்பர் முதல் நாள் பெல்கிரேடு மீண்டது; ஒரு மாதத்தில் செர்பியா என்ற தனி அரசே பெரிய யுகோஸ்லாவிய அரசில் கலந்துவிட்டது. 1945இல் முடியாட்சி ஒழிந்தது. பிறகு யுகோஸ்லாவியாவும் சிதறிற்று. 2006இல் செர்பியா மீண்டும் தனி நாடாயிற்று. 2009ஆம் ஆண்டுச் சட்டம் கராஜோர்ஜ் விண்மீனையும் ஒபிலிச் பதக்கத்தையும் மீண்டும் உயிர்ப்பித்தது. 2015இல் செர்பிய அஞ்சல் துறை ஃப்ளோரா, எல்சி உள்ளிட்ட ஆறு பிரிட்டிஷ் பெண்களின் உருவத்தோடு தபால்தலைகள் வெளியிட்டது. அந்த அறுவருள் இன்னொருவர் டாக்டர் இசபெல் ஹட்டன். அவரும் நமக்கு அயலவர் அல்லர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வாழ்ந்து, இந்தியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் நலப் பணியை நடத்தியவர்.

பெண்களின் கதை எழுதப்பட்டது. அதனால் நமக்குத் தெரிந்தது. பட்டியலில் ஒரு வரியாய் நின்றுபோன சிப்பாய்களின் கதை எழுதப்படவில்லை. அவர்களுடைய பதக்கங்கள் இன்றும் ஏதோ வீடுகளில் பெட்டிகளில் கிடக்கும். சில ஏலத்துக்கும் வருகின்றன. வாங்குகிறவர்கள் பழைய அரசிதழைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள். செயலைக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மேசைமேல் உள்ள பதக்கங்களைச் சற்று முன் எடுத்துப் பார்த்தேன். நம் சங்கத்தின் பெயர் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. குழந்தையின் பெயரும் இல்லை, எதற்காக என்பதும் இல்லை. அடுத்த ஆண்டு முதல் பின்புறத்தில் ஒரு வரி சேர்க்க எவ்வளவு செலவாகும் என்று செயற்குழு விசாரிக்கட்டும். இவ்வாண்டுக்கு, நான் மேடையின் ஓரத்தில் பேனாவோடு உட்கார்ந்துகொள்கிறேன். பரிசு பெற்ற குழந்தைகள் என்னிடம் வந்தால், பெட்டியின் அட்டையில் பெயரையும் காரணத்தையும் எழுதித் தருகிறேன். என் கையெழுத்து மோசமாயிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.